எட்டாவது பிள்ளை

உன்னைப் பற்றி எனக்கு முதன்முதலில் சொன்னவள் மரியபுஷ்பம். இந்த ஆனி மாதம், பள்ளிக்கூடம் திறந்த மூன்றாம் நாள், சத்துணவுக் கூடத்தில் நானும் அவளும் எதிரெதிரே குத்தவைத்து முட்டை உரித்துக்கொண்டிருந்தோம். என் மகள் வடிவுக்கு மதுரையில் எம்.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி படிக்க இடம் கிடைத்திருக்கிறது, பீஸ் கட்டுவதற்குத்தான் வழியில்லை என்று மூன்று நாளாகச் சொன்னதையே சொல்லிக்கொண்டிருந்தேன். அவளுக்குக் காது புளித்திருக்கும். "யக்கா, தீப்பெட்டி ஆபீஸ் ஆவுடையம்மா வீட்டுல குடுக்காகளே, கேட்டுப் பாத்தியளா? அவுக மக செத்ததுலேர்ந்து வருஷத்துக்கு ஒரு பிள்ளைக்கு. மேல்படிப்புக்கு மட்டுந்தான். இல்லாதப்பட்ட வீட்டுப் பொம்பளப் பிள்ளைக்கு மட்டுந்தான். ரெண்டு வருஷப் பீஸும் ஆஸ்டலும் அவுகளே காலேஜுக்குக் கட்டிருவாக" என்றாள். உன் பேரையும் சொன்னாள். செண்பகவல்லி. கோவில்பட்டியில் அம்மன் பேர் அதுதான், தெருவுக்கு நாலு பேருக்கு அந்தப் பேர் உண்டு, அதனால் எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. எந்தப் பிள்ளையோ, பாவம், செத்தும் நல்லது செய்கிறதே என்று நினைத்துக்கொண்டு அடுத்த முட்டையை எடுத்தேன்.

இப்போது உன் வீட்டு ஹாலில் உட்கார்ந்திருக்கிறேன், தாயி. ஆடி கடைசிச் செவ்வாய், மத்தியானம் மணி இரண்டேகால். உன் அறைக் கதவு சாத்தியிருக்கிறது. உள்ளே என் மகள் இருக்கிறாள். உன் அம்மா எனக்கு எதிரே பிரம்பு நாற்காலியில், கையை மடியில் போட்டுக்கொண்டு, கதவைப் பார்க்காதது போலப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். வீட்டுக்குப் பின்னால்தான் உங்கள் தீப்பெட்டி ஆபீஸ். மற்ற நாளில் குச்சி அடுக்குகிற பெண்களின் பேச்சும் சிரிப்பும் இங்கே கேட்குமாம், இன்று உன் வருஷ நாள் என்று லீவு விட்டிருக்கிறார்கள், மெழுகு வாடை மட்டும் சுவரைத் தாண்டி வருகிறது. அந்த வாடை எனக்குப் புதுசில்லை. எட்டாவது முடித்ததும் நானும் அப்படி ஒரு ஆபீசுக்குத்தான் போனேன், கல்யாணம் ஆகிற வரைக்கும் என் விரல் நுனியெல்லாம் அந்த வாடைதான், சோற்றைப் பிசைந்தால் சோற்றிலும் வரும். இங்கே நடக்கிறது என்னவென்றால், உன் வருஷ நாளில் அந்த வருஷம் உதவி வாங்குகிற பிள்ளை வந்து, உனக்கென்று எடுத்த புதுச்சேலையைக் கட்டி, உனக்குப் படைத்த இலையில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். தனியாக, கதவைச் சாத்திக்கொண்டு. அவளாகத் திறந்து வெளியே வரும்வரை யாரும் உள்ளே போகக் கூடாது. விண்ணப்பத்தில் இதெல்லாம் இல்லை. வருமானச் சான்று, மார்க் ஷீட், இரண்டு போட்டோ, அவ்வளவுதான் கேட்டிருந்தார்கள். இரண்டு பேராசிரியர்கள் வந்து வடிவை முக்கால் மணி நேரம் கேள்வி கேட்டார்கள், பதினொரு பிள்ளைகளில் இவளை எடுத்தார்கள். எல்லாம் முடிந்த பிறகு உன் அம்மா போன் பண்ணி, "கட்டாயம்னு ஒண்ணும் இல்லம்மா. மனசு இருந்தா கூட்டிட்டு வாங்க" என்றார்கள். கட்டாயம் என்று சொல்லியிருந்தால் மாட்டேன் என்றாவது சொல்லிப் பார்த்திருக்கலாம். இதுவரை வராத பிள்ளை ஒன்றுகூட இல்லையாம், அதனால் வராவிட்டால் என்ன ஆகும் என்று தெரிந்தவர்களும் இல்லை. காலேஜ் பேருக்கு எழுதிய செக் அந்த மேசை மேல் கண்ணாடிக் குண்டுக்கு அடியில் இருக்கிறது. வியாழக்கிழமைதான் கட்டக் கடைசி நாள். அது தப்பினால் இடம் அடுத்த ஆளுக்குப் போய்விடும். ஃபேன் காற்றில் செக்கின் ஒரு மூலை எழும்புகிறது, படிகிறது, எழும்புகிறது, யாரோ பெருவிரலால் எடுத்துப் பார்த்துவிட்டு விடுவது போல.

நான் செய்த தப்பு உனக்குத் தெரியாததில்லை, இருந்தாலும் என் வாயாலேயே சொல்கிறேன். விண்ணப்பம் வாங்க வந்த அன்று ஆபீஸ் முன்னறையில் உன் படம் இருந்தது. சந்தன மாலை, கீழே சின்னச் சிவப்பு பல்பு. எனக்கு ஒரு வழக்கம், மாலை போட்ட படம் எதைக் கண்டாலும் கை தானாகக் கூப்பிவிடும். பஸ்ஸில் டிரைவர் தலைக்கு மேல் பிள்ளையார், மரியபுஷ்பம் வீட்டு மாதா, டீக்கடையில் முதலாளியின் செத்துப்போன அப்பா, எனக்கு எல்லாம் ஒன்றுதான், யார் காதிலாவது விழட்டும் என்று கேட்டு வைப்பேன். வடிவு கேலி பண்ணுவாள், "எம்மா, தேர்தல் போஸ்டரையாவது விட்டு வையி" என்பாள். அன்றைக்கும் அப்படித்தான். கிளார்க் பேப்பர் எடுக்க உள்ளே போன நேரத்தில், கையைக் கூப்பி, "தாயே செண்பகவல்லி, எம் பிள்ளைக்கு இதைக் குடுத்துரு, உனக்கு ஒரு சேலை எடுத்து வைக்கேன்" என்று நேர்ந்துவிட்டேன். அம்மனிடம் சொல்கிற அதே வாயில். மூன்றே வாரத்தில் கிடைத்தது. சந்தோஷம் தாங்காமல் மரியபுஷ்பத்திடம் சொன்னேன், சாம்பார் கிண்டிக்கொண்டிருந்த அவள் கரண்டி அப்படியே நின்றது. "யக்கா, என்ன காரியம் பண்ணிட்டிய! அது என்ன சாமியா? கல்யாணம் ஆகாமச் செத்த கன்னில்லா. அடுத்த வீட்டுக் கன்னிகிட்ட யாராவது நேருவாகளா?" "நீ வேதக்காரி, உனக்கு என்னட்டி தெரியும்" என்றேன். "வேதத்துக்கு வந்தது எங்க அப்பா காலத்துலதான். எங்க சின்ன அத்தை ஒருத்தி இன்னும் பெரியப்பா வீட்டுப் பெட்டியில இருக்கா, கேட்டுப் பாருங்க." பிறகு விவரம் சொன்னாள். கல்யாணம் ஆகாமல் செத்த பிள்ளையை வீட்டுக் கன்னியாக ஒரு பெட்டியில் வைத்துக் கும்பிடுவார்கள், அந்தப் பெட்டியில் சேலை வைக்கிற உரிமை பெற்ற தாய்க்கு மட்டும்தான். வேறொருத்தி வைத்தால், கன்னி அவளைத் தாயாக எடுத்துக்கொண்டு பின்னாலேயே வந்துவிடும். "அப்ப வைக்காம விட்டுட்டா?" "நேர்ந்துட்டு வைக்காம விடவா? கேட்டு வருமே." "வச்சாலும் வருவா, வைக்காட்டியும் வருவாளா?" "அதத்தான் நானும் சொல்லுதேன்" என்று சொல்லிவிட்டு, நெற்றியிலும் மார்பிலும் சிலுவை போட்டுக்கொண்டு, சாம்பாருக்கு உப்புப் போட்டாள்.

அந்தச் சேலை இந்தப் பைக்குள்தான் இருக்கிறது. இலைப்பச்சை, அரக்கு பார்டர். கடைக்காரன் பத்து எடுத்துப் போட்டான், மற்றது ஒன்றிலும் கண் நிற்கவில்லை, இதை எடுத்ததும் "இதுவே இருக்கட்டும்" என்றேன், சொன்னது நான்தானா என்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் யோசனை. வைக்கவா, வேண்டாமா. வைத்தால் நீ வருவாய். வைக்காவிட்டாலும் வருவாய். வைத்தால் மகளாக வருவாய், வைக்காவிட்டால் பாக்கி கேட்டு வருவாய். இரண்டிலும் எது மேல் என்று யோசித்தால், யோசனை செக்குமாடு மாதிரி அதே இடத்துக்கு வந்து நிற்கிறது. முருகா முருகா என்று நூற்றெட்டு சொல்லலாம் என்று ஆரம்பித்தேன். நாற்பது தாண்டியதும் என் நாக்கு என்ன சொல்கிறது என்று கவனித்தேன். உன் பேரைச் சொல்லிக்கொண்டிருந்தது. எத்தனையாவதிலிருந்து மாறியது என்று தெரியவில்லை. நிறுத்திவிட்டேன். உன் அம்மா, "தண்ணி குடிக்கீங்களா?" என்றார்கள். "வேண்டாம்மா" என்றேன். குடித்திருக்கலாம். வாய் காய்ந்து கிடக்கிறது. கேட்கலாம்தான், ஆனால் இந்த வீட்டில் இதற்கு மேல் எதையும் கேட்கப் பயமாக இருக்கிறது.

எதிர்ச்சுவரில் ஏழு படங்கள். வருஷத்துக்கு ஒன்று. ஏழு பிள்ளைகளும் அதே ஜன்னல் பக்கத்தில் நிற்கிறார்கள். சேலை நிறம் வேறே வேறே, முகம் வேறே வேறே. ஒருத்தி கறுப்பு, ஒருத்தி சிவப்பு, ஒருத்திக்கு முன்பல் எடுப்பு, ஒருத்தி கண்ணாடி போட்டவள். வந்து உட்கார்ந்ததும் ஒவ்வொரு முகமாகப் பார்த்து, எல்லாம் நல்லா இருக்குதுகள் என்று மனசைத் தேற்றிக்கொண்டேன். இரண்டாம் தடவை பார்க்கும்போதுதான் தெரிந்தது, ஏழு பேரும் தலையை இடது பக்கம் ஒரு விரல் அளவு சாய்த்திருக்கிறார்கள். ஒரே அளவு. ஆபீஸ் முன்னறையில் உன் படத்தில் நீ சாய்த்திருப்பது போல. படம் பிடிக்கிறவர்கள் அப்படி நிற்கச் சொல்லியிருப்பார்கள், கல்யாண வீட்டில்கூட தலையைச் சாய், தாடையைத் தூக்கு என்று உயிரை எடுக்கிறார்களே. அப்படித்தான் இருக்கும். அப்படித்தான். ஏழாவது படத்துக்கு அப்புறம் ஒரு ஆணி, புதுசு, அதில் ஒன்றும் இல்லை. வடிவு இந்த வீட்டு வாசலை மிதிக்கும் முன்னாலேயே அவளுக்கு ஆணி அடித்தாகிவிட்டது. நல்ல காரியத்துக்குத்தானே அடித்திருக்கிறார்கள் என்று நினைக்கிறேன், ஆனாலும் அந்த ஆணி என் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது.

அந்த ஐந்தாவது படத்துப் பிள்ளை பூமயில். சங்கரன்கோவில் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலையில் இருக்கிறாள். போன வாரம் வடிவு அவள் நம்பரைத் தேடிப் பிடித்து, நான் கேட்கவேண்டும் என்று ஸ்பீக்கரில் போட்டாள். அந்தப் பிள்ளை கலகலவென்று சிரித்தது. "ஐயோ, பயப்படாதீங்கம்மா. சேலை கட்டணும், சாப்பிடணும், போட்டோ எடுக்கணும், அவ்வளவுதான். ஆவுடையம்மா மாதிரி மனுஷி கிடைக்காது. ரெண்டு வருஷமும் ஒரு நாள் பீஸ் லேட்டானதில்ல" என்றது. நான் போனை வாங்கி, "வேற ஒண்ணும் ஆகலியேம்மா?" என்றேன். "ஒண்ணுமில்லம்மா. எனக்குப் பாகக்காய் பிடிக்காது. வாடைகூட ஆகாது. அன்னைக்கு இலையில இருந்துச்சு, சாப்பிட்டேன். அதுலேர்ந்து வாரத்துக்கு ரெண்டு நாள் வேணும். எங்க வீட்டுக்காரர் திட்டுறாரு" என்று மறுபடியும் சிரித்தது. போனை வைத்ததும் வடிவு என்னைப் பிடித்துக்கொண்டாள். "ஏம்மா, உனக்குப் பேய்க்குப் பயமா, பீஸுக்குப் பயமா? ஏதாவது ஒண்ணுக்குப் பயப்படு. அந்தக்கா வந்தா வரட்டும். லேப் ரெக்கார்டு எழுத ஒரு ஆள் கூட இருந்தா நல்லதுதான்." திருப்பூரிலிருந்து அவள் அண்ணன் உச்சிமாகாளி போனில், படித்தது போதும், கம்பெனியில் செக்கிங் வேலை இருக்கிறது, அனுப்பி வை என்று சொல்லிக்கொண்டிருக்கிறான். அவனும் பாசத்தில்தான் சொல்கிறான். அவனை பிளஸ் டூவோடு நிறுத்தினவள் நான்தானே, இவளையும் நிறுத்தச் சொல்ல அவனுக்கு உரிமை இருக்கிறது. இவள் அப்பா போய் ஒன்பது வருஷத்தில் இவள் என்னிடம் ஆசைப்பட்டுக் கேட்டது இந்தப் படிப்பு ஒன்றுதான். அதைக் கேட்டபோதுகூட நேராகக் கேட்கவில்லை, துணி துவைத்துக்கொண்டே, "கிடைச்சாப் படிப்பேன், கிடைக்காட்டி வேலைக்குப் போவேன், எனக்கு ரெண்டும் ஒண்ணுதான்" என்றாள். ஒன்றில்லை. அவள் சேலையை அடித்துத் துவைத்த சத்தத்தில் தெரிந்தது, ஒன்றில்லை என்று.

உள்ளே பேச்சுச் சத்தம். மெல்ல, நிறுத்தி நிறுத்தி, ஒரு குரல். போனில் பேசுகிறாள் என்று நினைத்தேன். அவள் போன் என் மடியில் இருக்கிறது, பைக்குள், சேலைக்கு மேல். கையை விட்டுத் தொட்டுப் பார்த்தேன், இருக்கிறது. பிறகு யாரிடம்? ஒரு வரி பேசுகிறாள், நிறுத்துகிறாள். பதில் கேட்கிறவள் நிறுத்துகிற மாதிரி நிறுத்துகிறாள். மறுபடி பேசுகிறாள். பிறகு சிரிப்பு. வடிவு சிரிப்புதான், இல்லை, வடிவு சிரித்தால் கடைசியில் மூச்சை உள்ளே இழுப்பாள், இதில் அது இல்லை. கதவுக்கு இந்தப் பக்கம் இருந்தால் எல்லாச் சிரிப்பும் அப்படித்தான் கேட்கும். எழுந்து போய்த் தட்டலாம். தட்டினால் என்ன, என் மகள். செக்கின் மூலை எழும்புகிறது. வியாழக்கிழமை. தட்டினால் கதவைத் திறப்பாள், வழக்கம் கெடும், உன் அம்மா ஒன்றும் சொல்ல மாட்டார்கள், அந்த ஒன்றும் சொல்லாத முகத்தோடு செக்கை எடுத்து மடித்தாலும் மடிப்பார்கள். மடிக்காமலும் இருப்பார்கள். எனக்குத் தெரியாதே. நான் என் பிள்ளையைக் கதவுக்கு உள்ளே விட்டுவிட்டு ஒரு காகிதத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். பெற்றவள் செய்கிற காரியமா இது? பெற்றவள்தான் செய்வாள். வேறு யார் செய்வார்கள்?

"பேசுறது கேக்குதா?" என்றார்கள் உன் அம்மா. "கேக்குதும்மா." "எல்லாப் பிள்ளைகளும் பேசும். உள்ள அவ புத்தகமெல்லாம் இருக்கு. படிக்கிறதுக்கு முன்னாடியே வாங்கி, பேர் எழுதி, அட்டை போட்டு வச்சிருந்தா. அதை எடுத்து வாசிக்குங்க போல." அப்பாடா என்று இருந்தது எனக்கு. அப்போது அவர்கள், "உங்க பிள்ளைக்கும் அதே பாடம், அதே காலேஜ். இத்தனை வருஷத்துல இதுதான் முதல் தடவை" என்றார்கள். வந்த நிம்மதி அப்படியே போய்விட்டது. பிறகு அவர்கள் யாரிடமோ சொல்வது போல, பார்வையைக் கதவிலிருந்து எடுக்காமலே சொன்னார்கள். மஞ்சள் காமாலை. பதினொரு நாள். ஹாஸ்டலுக்குப் போக சூட்கேஸ் கட்டி வைத்திருந்தாய், சோப்பு, எண்ணெய், வாளிக்குக்கூட சிவப்புப் பெயிண்டில் பேர் எழுதியிருந்தாய். கன்னிக்கு ஓலைப்பெட்டி வாங்க வேண்டும் என்று உறவெல்லாம் சொன்னதாம். "நான் கேக்கல. அவ கட்டுன பெட்டி இருக்கும்போது வேற பெட்டி எதுக்கு? அதுலதான் வருஷா வருஷம் சேலை வைக்கேன். இப்ப மூட முடியல, ஜிப்பு நிக்க மாட்டேங்குது." சிரிக்கப் பார்த்தார்கள். முடியவில்லை. "அவ சாமியா வாரதா ஊர்ல பேசுறாங்க. பயப்படுறாங்க. உங்களுக்கும் பயமாத்தான் இருக்கும், முகத்தைப் பாத்தாலே தெரியுது. ஒண்ணு சொல்லவா? அவ வரவே மாட்டேங்கா. ஏழு பிள்ளைகளைக் கட்ட வச்சுப் பாத்துட்டேன். கதவு திறக்கும், பிள்ளை வெளிய வரும், 'தேங்ஸ் ஆன்ட்டி'ன்னு சொல்லும். நல்ல பிள்ளைங்கதான். அதுங்க என்ன செய்யும்? ஒரே ஒரு தடவை…" சேலைத் தலைப்பை எடுத்து விரலில் சுற்றினார்கள், அவிழ்த்தார்கள், சுற்றினார்கள். இந்த மனுஷிக்கு அது ஒன்றுதான் வேண்டியிருக்கிறது. நான் பயந்து சாகிற அதே காரியத்துக்கு இவர்கள் எட்டு வருஷமாகச் சேலை எடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

உள்ளே வளையல் சத்தம். வடிவு கண்ணாடி வளையல் போட மாட்டாள், உன் இலைக்குப் பக்கத்தில் வைத்ததாக இருக்கும். தண்ணீர் மோந்து குடிக்கிற சத்தம். பிறகு ஒன்றுமே இல்லை. ஃபேன்கூட சத்தம் போடவில்லை, அல்லது என் காது அதைக் கேட்பதை விட்டுவிட்டது. அந்த அமைதியில், கதவுக்குப் பின்னால், மிகப் பக்கத்தில், கதவில் வாய் வைத்துச் சொன்னது போல, "அம்மா" என்றது. என் தொண்டைக்கு "என்னட்டி" வந்துவிட்டது. இருபத்தொரு வருஷமாக அந்தச் சொல்லுக்கு வந்த பதில், யோசித்தா வரும்? நாக்கு எழும்பின அந்த நொடியில் உன் அம்மாவைப் பார்த்தேன். அவர்கள் நாற்காலியில் முன்னால் சரிந்து, வாயைத் திறந்து, என்னைப் பார்த்தார்கள். உத்தரவு கேட்கிற பார்வை அது. எத்தனை பிள்ளைகளைப் படிக்க வைத்த மனுஷி, சத்துணவு ஆயாவிடம் உத்தரவு கேட்கிறார்கள். குரல் யாருடையது என்று எனக்குத் தெரியவில்லை, தாயி. சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நொடியில் தெரியவில்லை. என் மகள் குரலா உன் குரலா என்று பெற்ற காதுக்கே தெரியாமல் போனது. நான் வாயை மூடிக்கொண்டேன். பல்லைக் கடித்து மூடிக்கொண்டேன். உள்ளே என் பிள்ளையே கூப்பிட்டிருந்தாலும் பதில் சொல்லக் கூடாது என்று மூடிக்கொண்டேன். இரண்டாம் தடவை, "அம்மா." உன் அம்மா, "என்னம்மா… என்னம்மா… இங்கதான் இருக்கேன்" என்றார்கள். அந்தக் குரலை நான் எங்கேயும் கேட்டதில்லை. கிணற்றில் விழுந்த வாளி எட்டு வருஷம் கழித்துத் தண்ணீரைத் தொட்டது போல இருந்தது.

கதவு திறந்தது. ஊதாச் சேலை. ஈரக்கை. வடிவுதான் நின்றாள், தோளில் மடிப்பை ஒரு கையால் பிடித்துக்கொண்டு. "பின்னால ஊக்கு குத்த எட்ட மாட்டேங்கு" என்றாள். அதற்காகத்தான் கூப்பிட்டிருக்கிறாள், வேறொன்றுமில்லை, ஊக்கு. ஆனால் அவள் பார்த்தது என்னை இல்லை. நேராக உன் அம்மாவிடம் போய் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள், தினமும் அப்படி நின்று பழகினவள் போல. அவர்கள் கையிலிருந்து ஊக்கு இரண்டு தடவை கீழே விழுந்தது. மடிப்பைப் பிடித்திருந்ததால் அவள் தலை இடது பக்கம் ஒரு விரல் அளவு சாய்ந்திருந்தது. மடிப்பைப் பிடித்தால் அப்படித்தான் சாயும், எனக்கும் சாயும். "வடிவு" என்றேன். திரும்பவில்லை. "ஏட்டி, சண்முகவடிவு" என்றேன். கொஞ்சம் பொறுத்து, தூரத்திலிருந்து நடந்து வருகிறவள் போல, "என்னம்மா" என்று திரும்பினாள், சிரித்தாள், கடைசியில் மூச்சை உள்ளே இழுத்தாள். என் மகள். அல்லது இப்போதுதான் வந்து சேர்ந்த என் மகள்.

அவர்கள் இருவரும் ஜன்னல் பக்கம் போனார்கள், படம் பிடிக்க. நான் உன் அறை வாசலில் நின்றேன். பிள்ளை வெளியே வந்தாயிற்று, இனி உள்ளே போகலாம். இலையில் ஒரு பருக்கை இல்லை. பாகற்காய் வைத்த இடம் துடைத்தது போல இருந்தது. பிறந்ததிலிருந்து அதை ஊட்டினால் துப்புகிறவள். புத்தகம் ஒன்று விரித்துக் கிடந்தது, முதல் பக்கத்தில் உன் பேர், உன் கையெழுத்து, நல்ல கையெழுத்து உனக்கு. கட்டில் மேல் சூட்கேஸ் திறந்திருந்தது. பயந்துகொண்டுதான் எட்டிப் பார்த்தேன். என்ன இருந்தது? சோப்பு டப்பா. சீப்பு. இரண்டு டவல். ஊறுகாய்க்கு வாங்கின சின்ன பாட்டில், மூடி திறக்காதது. நாளைக்கு மறுநாள் ராத்திரி நான் வடிவுக்குக் கட்டப்போகிற பெட்டியும் இப்படித்தான் இருக்கும், இதில் பயப்பட என்ன இருக்கிறது? ஒரு பக்கம் ஏழு சேலை, எட்டாவது அவள் உடம்பில். என் பையிலிருந்து பச்சைச் சேலையை எடுத்தேன். உன் அம்மா திரும்பிப் பார்த்தார்கள். பார்த்தது எனக்குத் தெரியும், நான் பார்த்தது அவர்களுக்கும் தெரியும். வேண்டாம் என்று சொல்லவில்லை. 'அம்மா' என்ற ஒரு சொல்லை நான் அவர்களுக்கு விட்டுக்கொடுத்தேன், ஒரு சேலை இடம் அவர்கள் எனக்கு விட்டுக்கொடுத்தார்கள். அவ்வளவுதான். டவலுக்கு மேல், ஊறுகாய் பாட்டில் உடையாத மாதிரி, மடிப்புக் கலையாமல் வைத்தேன். வைத்துவிட்டு நிமிர்ந்ததும் என் முதுகுக்குப் பின்னால் யாரோ நிற்பது போல இருந்தது. திரும்பவில்லை. திரும்புவானேன், நான்தானே கூப்பிட்டேன்.

இப்போது படம் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். வடிவு ஜன்னல் பக்கத்தில் நிற்கிறாள், செக் அவள் கையில் இருக்கிறது. "எம்மா, நீயும் வாயேன்" என்கிறாள். வருகிறேன் என்று சொல்லிவிட்டு இங்கேயே நிற்கிறேன், உன்னிடம் சொல்லி முடித்துவிடலாம் என்று. வெள்ளிக்கிழமை காலை ஏழு மணி பஸ்ஸில் அவள் மதுரைக்குப் போகிறாள். நீயும் போவாய், அது எனக்குத் தெரிந்துவிட்டது, இனி அதை வேண்டாம் என்று கேட்கவும் எனக்கு வாயில்லை. எட்டு வருஷமாகக் கட்டின பெட்டியோடு உட்கார்ந்திருந்தவளை வராதே என்று எப்படிச் சொல்வேன்? போ. வகுப்பில் உட்கார். புத்தகத்தைச் சேர்ந்து படி. பாகற்காய் கேட்டால் வாங்கித் தரச் சொல்கிறேன். ஒன்று மட்டும் கேட்கிறேன். அவள் தூக்கத்தில் காலை உதைத்துப் போர்வையைத் தள்ளிவிடுவாள், அப்புறம் குளிரில் சுருண்டு கிடப்பாள், சளி பிடிக்கும். நீ முழித்துத்தான் இருப்பாய். இழுத்துப் போர்த்திவிடு, தாயி.